எண்ணெய் முன்நிரப்பல் (டிராக்டர் எஞ்சின்)

எண்ணெய் முன்நிரப்பல் என்பது, முழுவதும் பிரித்து மீண்டும் கட்டப்பட்ட ஓர் எஞ்சினை முதன்முறையாக இயக்குவதற்கு முன்பே, அதன் எண்ணெய் பம்பு, வடிகட்டி, எண்ணெய் வழிகள், பேரிங்குகள் ஆகியவற்றை உயவு எண்ணெயால் நிரப்பி, அழுத்தமானியில் எண்ணெய் அழுத்தம் தெரியும் நிலைக்குக் கொண்டுவரும் செயல்முறை ஆகும். பட்டறைகளில் இது பிரைமிங் எனப்படுகிறது. எந்த எஞ்சினுக்கும் இது பயனுள்ளது எனினும், பல ஆண்டுகள் ஓடாமல் கிடந்து பின்னர் புதுப்பிக்கப்படும் பழைய டிராக்டர் எஞ்சின்களில் இது தவிர்க்கக்கூடாத ஒரு படியாகக் கருதப்படுகிறது. முன்நிரப்பாமல் இயக்கப்படும் எஞ்சினில், பல மாத உழைப்பில் பொருத்தப்பட்ட புதிய பேரிங்குகள் ஒரு நிமிடத்திற்குள் கெட்டுவிடக்கூடும்.

பொருளடக்கம்
1 தேவை
2 உயவு அமைப்பின் வளர்ச்சி
3 எண்ணெய் செல்லும் வழி
4 அழுத்தம் தோன்றும் விதம்
5 உலர்ந்த பம்பு எண்ணெயை உறிஞ்சாமைக்குக் காரணம்
6 முன்நிரப்பும் முறைகள்
7 மூன்று டிராக்டர்கள்
8 அழுத்தம் வராமைக்கான காரணங்கள்
9 முதல் இயக்கம்
10 தமிழ்நாட்டுடன் தொடர்பு
11 இவற்றையும் பார்க்க

தேவை

ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சின் ஒன்றை நிறுத்திய பின்னும் அதன் பேரிங்குகளிலும் பம்பிலும் சிறிதளவு எண்ணெய் தங்கியிருக்கும். மறுநாள் அதனை இயக்கும்போது, பம்பு புதிய எண்ணெயை அனுப்பும் வரை இந்த எஞ்சிய எண்ணெயே உலோகப் பரப்புகளைக் காக்கிறது. புதிதாகக் கட்டப்பட்ட எஞ்சினில் இந்தப் பாதுகாப்பு இல்லை. அதன் பாகங்கள் கழுவித் துடைக்கப்பட்டவை. எண்ணெய் வழிகளில் காற்று மட்டுமே உள்ளது. வடிகட்டியும் காலியாக உள்ளது. கட்டும்போது பேரிங்குகளில் தடவப்பட்ட எண்ணெய், எஞ்சின் சில வாரங்கள் ஓடாமல் இருந்தால் வழிந்து இறங்கிவிடும்.

எண்ணெய் இன்றி உலோகமும் உலோகமும் உராயும்போது வெப்பம் மிக விரைவாக உயர்கிறது. பழைய எஞ்சின்களின் பேரிங்குகளில் பயன்பட்ட வெள்ளீயம் மிகுந்த வெண்ணுலோகம், ஏறத்தாழ 240 °செ வெப்பநிலையிலேயே உருகும் தன்மையது. அது உருகிப் பரவி, கிராங்க் தண்டின் மெருகிட்ட பரப்பில் ஒட்டிக்கொள்கிறது அல்லது கீறல்களை உண்டாக்குகிறது.

கீறல் விழுந்த கிராங்க் தண்டைச் சாணை பிடித்து மீண்டும் வழவழப்பாக்கலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் அதன் விட்டம் குறைகிறது. அதற்கேற்ற குறையளவு பேரிங்குகள் பொதுவாக 0.010, 0.020, 0.030 அங்குலம் (0.25, 0.51, 0.76 மி.மீ) என்ற படிகளில் கிடைக்கின்றன. பழைய டிராக்டர் ஒன்றின் கிராங்க் தண்டு ஏற்கெனவே 0.030 அங்குலம் வரை சாணை பிடிக்கப்பட்டிருந்தால், அதற்குப் பின் இறங்குவதற்கு வழக்கமான படி எதுவும் இல்லை. அந்நிலையில் முதல் இயக்கத்தில் நேரும் தவறு, பேரிங்குடன் நில்லாமல் கிராங்க் தண்டையே பயனற்றதாக்கிவிடுகிறது. உற்பத்தி நின்று அரை நூற்றாண்டுக்கும் மேலான எஞ்சினுக்கு மாற்றுத் தண்டு தேடுவது எளிதன்று.

உயவு அமைப்பின் வளர்ச்சி

தொடக்க காலத்து டிராக்டர்கள் பலவற்றில் அழுத்த உயவு இருக்கவில்லை. 1917-இல் உற்பத்தி தொடங்கிய ஃபோர்ட்சன் எஃப் வகை டிராக்டரில் தெறிப்பு உயவு முறையே பயன்படுத்தப்பட்டது. சுழலும் பாகங்கள் எண்ணெயில் தோய்ந்து அதனை வாரி இறைக்க, தெறித்த எண்ணெய் பேரிங்குகளை அடைந்தது. இத்தகைய எஞ்சினில் அழுத்தம் என்ற கேள்வியே எழுவதில்லை.

எஞ்சின்களின் வேகமும் திறனும் கூடியபோது தெறிப்பு உயவு போதாமல் போயிற்று. பம்பின் மூலம் எண்ணெயைக் குழாய்கள், துளைகள் வழியாகப் பேரிங்குகளுக்கு அனுப்பும் அழுத்த உயவு முறை பரவலாயிற்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்த டிராக்டர்களில் இதுவே பெரும்பான்மை ஆயிற்று. இன்று ஆர்வலர்களால் புதுப்பிக்கப்படும் டிராக்டர்கள் பலவும் இக்காலத்தைச் சேர்ந்தவை.

எண்ணெய் செல்லும் வழி

வழக்கமான அழுத்த உயவு அமைப்பில் எண்ணெய் பின்வரும் வரிசையில் செல்கிறது.

* எஞ்சினின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டி (சம்ப்)
* தொட்டியில் மூழ்கியிருக்கும் கம்பிவலைச் சல்லடை
* உறிஞ்சு குழாய்
* எண்ணெய் பம்பு
* மிகை அழுத்தத்தைத் தொட்டிக்கே திருப்பிவிடும் ரிலீஃப் வால்வு
* வடிகட்டி
* எஞ்சின் உடலின் நீளவாக்கில் துளைக்கப்பட்ட முதன்மை எண்ணெய் வழி
* முதன்மை பேரிங்குகள். அங்கிருந்து கிராங்க் தண்டினுள் உள்ள துளைகள் வழியாக இணைப்புத் தண்டு பேரிங்குகள்
* கேம் தண்டு பேரிங்குகள். அங்கிருந்து வால்வுகளை இயக்கும் ராக்கர் தண்டு

சில பழைய எஞ்சின்களில் எண்ணெய் முழுவதும் வடிகட்டியின் வழியே செல்வதில்லை. ஒரு பகுதி மட்டுமே வடிகட்டப்பட்டுத் தொட்டிக்குத் திரும்புகிறது. இத்தகைய எஞ்சினில் காலியான வடிகட்டியால் பேரிங்குகளுக்கு எண்ணெய் சேர்வது அதிகம் தாமதப்படாது. எண்ணெய் முழுவதும் வடிகட்டி வழியே செல்லும் எஞ்சினில், வடிகட்டி நிரம்பிய பிறகே பேரிங்குகளுக்கு எண்ணெய் கிடைக்கும்.

அழுத்தமானி பெரும்பாலும் முதன்மை எண்ணெய் வழியுடன் ஒரு மெல்லிய குழாயால் இணைக்கப்பட்டிருக்கும். பழைய டிராக்டர்களில் இது பெரும்பாலும், 1849-இல் பிரான்சு நாட்டின் யூசீன் போர்டன் காப்புரிமை பெற்ற வளைகுழாய் வகையைச் சேர்ந்தது. இது இயங்க மின்சாரம் தேவையில்லை.

அழுத்தம் தோன்றும் விதம்

எண்ணெய் பம்பு அழுத்தத்தை உண்டாக்குகிறது என்பது பரவலான கருத்து. உண்மையில் பம்பு செய்வது ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு குறிப்பிட்ட அளவு எண்ணெயை நகர்த்துவது மட்டுமே. அந்த எண்ணெய் வெளியேற வழி குறுகலாக இருக்கும்போது அழுத்தம் தோன்றுகிறது. எஞ்சினில் அந்தக் குறுகிய வழி, பேரிங்குக்கும் தண்டுக்கும் இடையே உள்ள இடைவெளியே ஆகும்.

இந்த இடைவெளிக்குப் பட்டறைகளில் வழங்கும் பொது விதி, தண்டின் விட்டத்தில் ஒவ்வோர் அங்குலத்திற்கும் ஏறத்தாழ 0.001 அங்குலம் என்பதாகும். இவ்விதிப்படி 2.5 அங்குல விட்டமுள்ள தண்டுக்கு 0.0025 அங்குலம், அதாவது சுமார் 0.06 மி.மீ இடைவெளி அமையும். இது ஒரு தலைமுடியின் தடிமன் அளவினது. சரியான அளவை எஞ்சினின் பராமரிப்புக் கையேட்டிலிருந்தே பெறவேண்டும்.

குறுகிய இடைவெளி வழியே கசியும் எண்ணெயின் அளவு, இடைவெளியின் மும்மடிக்கு நேர்விகிதத்தில் உள்ளது. இடைவெளி இருமடங்கானால் கசிவு எட்டு மடங்காகும். எனவேதான் தேய்ந்த பேரிங்குகள் உள்ள எஞ்சினில் புதிய பம்பைப் பொருத்தினாலும் அழுத்தம் பெரிதாக உயர்வதில்லை. புதுப்பித்த எஞ்சினில் அழுத்தம் குறைவாக இருந்தால், பம்பை மட்டுமன்றி பேரிங் அளவுகளையும் ஐயுறவேண்டும் என்பதும் இதிலிருந்து பெறப்படுகிறது.

தண்டைத் தாங்கும் எண்ணெய்ப் படலத்தின் அழுத்தமும் அழுத்தமானி காட்டும் அழுத்தமும் வேறு வேறானவை. 1883-இல் இங்கிலாந்தில் இயந்திரப் பொறியாளர் நிறுவனத்திற்காக பீச்சம் டவர் என்பவர் தொடர்வண்டி அச்சு பேரிங்குகளை ஆய்ந்தார். பேரிங்கின் மேற்புறத்தில் இட்ட எண்ணெய்த் துளையை அவர் ஓர் அடைப்பானால் மூடியபோது, தண்டு சுழலச் சுழல எண்ணெய் அந்த அடைப்பானை வெளியே தள்ளிவிட்டது. பம்பு ஏதும் இல்லாத நிலையில், சுழற்சியே எண்ணெயை ஆப்பு போன்ற இடைவெளிக்குள் இழுத்து உயர் அழுத்தத்தை உண்டாக்கியிருந்தது. 1886-இல் ஆசுபோர்ன் ரெய்னால்ட்சு இதற்கான கணித விளக்கத்தை அளித்தார்.

ஆகவே கிராங்க் தண்டின் எடையையும் எரிதலின் விசையையும் தாங்குவது, சுழலும் தண்டே உண்டாக்கிக்கொள்ளும் எண்ணெய்ப் படலம். பம்பின் பணி அப்படலத்திற்கு இடையறாது எண்ணெய் வழங்குவது. வழங்க எண்ணெய் இல்லையெனில் படலமும் இல்லை.

உலர்ந்த பம்பு எண்ணெயை உறிஞ்சாமைக்குக் காரணம்

பற்சக்கர பம்பு, சுழலி பம்பு ஆகிய இரண்டும் டிராக்டர் எஞ்சின்களில் பயன்படுகின்றன. இவற்றில் பற்களுக்கும் உறைக்கும் இடையே சிறு இடைவெளிகள் உள்ளன. எண்ணெய் நிறைந்திருக்கும்போது அந்த எண்ணெயே இடைவெளிகளை அடைத்துக்கொள்கிறது. பம்பு உலர்ந்திருக்கும்போது அங்கு காற்று மட்டுமே உள்ளது. சாதாரண வெப்பநிலையில் எஞ்சின் எண்ணெயின் பாகுநிலை, காற்றினுடையதைப் போல் ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு. எனவே எண்ணெயைத் தடுத்து நிறுத்தும் இடைவெளி, காற்றைத் தாராளமாகப் பின்னோக்கி விட்டுவிடுகிறது.

பம்பு எண்ணெய் மட்டத்திற்கு 10 செ.மீ மேலே இருப்பதாகக் கொண்டால், எண்ணெயை அந்த உயரத்திற்கு ஏற்ற வளிமண்டல அழுத்தத்தில் ஒரு விழுக்காட்டிற்கும் குறைவான உறிஞ்சு விசையே போதும். ஆயினும் உலர்ந்த பம்பு, ஸ்டார்ட்டர் மோட்டார் தரும் குறைந்த வேகத்தில், அதாவது நிமிடத்திற்கு சுமார் 150 முதல் 250 சுற்றுகளில், அந்தச் சிறு விசையைக்கூட உண்டாக்கத் தவறலாம். பம்பின் மூடித் தகடு தேய்ந்திருந்தாலோ உறிஞ்சு குழாயின் இணைப்பில் காற்று புகுந்தாலோ தவறுவது ஏறத்தாழ உறுதி. பம்பினுள் சிறிது எண்ணெய் இட்டவுடன் அதே பம்பு செவ்வனே இயங்கத் தொடங்குவது இதனாலேயே ஆகும். கிணற்றடிக் கைப்பம்பு வறண்டிருந்தால் மேலே ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றி அடிப்பதும் இதே தத்துவம்தான்.

முன்நிரப்பும் முறைகள்

கட்டும்போது நிரப்புதல்

முன்நிரப்பல் எஞ்சினைக் கட்டும்போதே தொடங்குகிறது. பம்பைப் பொருத்துமுன் அதனுள் எண்ணெய் ஊற்றிக் கையால் சுழற்றப்படுகிறது. எஞ்சின் சில வாரங்கள் கழித்தே இயக்கப்படும் எனில், பம்பின் பற்களுக்கிடையே வாசலின் நிரப்பப்படுவதும் உண்டு. வாசலின் வழிந்தோடாமல் நின்று இடைவெளிகளை அடைக்கிறது. சூடான எண்ணெயில் கரைந்தும் விடுகிறது. கிரீஸ் எளிதில் கரையாது. எண்ணெய் வழிகளை அடைக்கக்கூடும் என்பதால் அதனைப் பம்பில் பயன்படுத்தக்கூடாது. பேரிங்குகள், கேம் முனைகள், சிலிண்டர் சுவர்கள் ஆகியவற்றிலும் எண்ணெயோ தனியாகக் கிடைக்கும் பொருத்தல் உயவுப் பசையோ தடவப்படுகிறது. வடிகட்டியின் அமைப்பு இடம் தருமாயின் அதுவும் எண்ணெயால் நிரப்பப்பட்டே பொருத்தப்படுகிறது.

துளைப்பான் கொண்டு பம்பைச் சுழற்றுதல்

சில எஞ்சின்களில் டிஸ்டிரிபியூட்டரும் எண்ணெய் பம்பும் ஒரே செங்குத்துத் தண்டின் இரு முனைகளில் அமைந்துள்ளன. இவற்றில் டிஸ்டிரிபியூட்டரையும் அதன் இயக்கு பற்சக்கரத்தையும் எடுத்துவிட்டு, பம்பின் தண்டில் பொருந்துமாறு நுனி செதுக்கப்பட்ட நீண்ட கம்பி ஒன்றை மின் துளைப்பானில் பூட்டிப் பம்பை மட்டும் சுழற்றலாம். இயக்கு பற்சக்கரத்தை எடுக்காமல் சுழற்றினால் துளைப்பான் கேம் தண்டையும் சேர்த்துச் சுழற்ற முயலும். பம்பு சுழலவேண்டிய திசையை முன்னரே குறித்துக்கொள்ளவேண்டும். எதிர்த்திசையில் சுழற்றினால் பம்பு எண்ணெயைத் தொட்டியை நோக்கித் தள்ளும்.

எண்ணெய் ஏறியவுடன் துளைப்பான் திணறுவது கையில் தெளிவாக உணரப்படும். அழுத்தமானியின் முள்ளும் எழும். பின்னர் டிஸ்டிரிபியூட்டரைப் பழைய நிலையிலேயே பொருத்தி, தீப்பொறி நேரத்தைச் சரிபார்க்கவேண்டும்.

வெளியிலிருந்து அழுத்தத்துடன் செலுத்துதல்

இது எல்லா எஞ்சின்களுக்கும் பொருந்தும் முறை ஆகும். அழுத்தமானியின் குழாயைக் கழற்றிவிட்டு, அந்தத் துளையில் ஒரு வளைகுழாயை இணைத்து, மூடிய கலம் ஒன்றிலுள்ள எண்ணெய் அழுத்தக் காற்றின் உதவியால் முதன்மை எண்ணெய் வழிக்குள் செலுத்தப்படுகிறது. அழுத்தம் எஞ்சின் இயல்பாக ஓடும்போது இருக்கும் அளவுக்குள், சதுர அங்குலத்திற்கு 30 முதல் 40 பவுண்டு (சுமார் 2 முதல் 2.8 பார்) என வைக்கப்படுவது வழக்கம். அக்கலம் இந்த அழுத்தத்தைத் தாங்கும் வகையில் செய்யப்பட்டதாக இருத்தல் இன்றியமையாதது.

எண்ணெய் செல்லும்போது கிராங்க் தண்டைக் கையால் மெல்ல இரண்டு முழுச் சுற்றுகள் சுழற்றவேண்டும். நான்கு வீச்சு எஞ்சினில் கிராங்க் தண்டு இரு சுற்றுச் சுற்றினால்தான் கேம் தண்டு ஒரு சுற்று முடிக்கிறது. சில எஞ்சின்களில் ராக்கர் தண்டுக்குச் செல்லும் துளை, கேம் தண்டின் குறிப்பிட்ட நிலையில் மட்டுமே திறக்கிறது. கலம் காலியாகும் முன் நிறுத்தாவிடில் காற்று உள்ளே புகுந்து செய்த பணி வீணாகும். செலுத்திய எண்ணெய் தொட்டியில் சேர்வதால், பின்னர் அளவுக்கம்பியைப் பார்த்து எண்ணெய் மட்டத்தைச் சரிசெய்யவேண்டும்.

எண்ணெய்த் தொட்டியை மாட்டுவதற்கு முன் இம்முறையைச் செய்தால் கூடுதல் பயன் ஒன்று உண்டு. ஒவ்வொரு பேரிங்கிலிருந்தும் எண்ணெய் சொட்டுவதைக் கண்ணால் காணலாம். எல்லா பேரிங்குகளிலும் ஏறத்தாழ ஒரே சீராகச் சொட்டுவது நல்ல அறிகுறி. ஒன்றில் மட்டும் தாரையாகக் கொட்டினால் அதன் இடைவெளி மிகுதி. ஒன்றில் சொட்டே இல்லையெனில் அதன் எண்ணெய் வழி அடைபட்டுள்ளது. எஞ்சினை இயக்காமலேயே பிழையைக் கண்டறிய இது வாய்ப்பளிக்கிறது.

ஸ்டார்ட்டர் மோட்டாரால் சுழற்றுதல்

எஞ்சின் தீப்பற்றி ஓடாதவாறு தடுத்துவிட்டு, ஸ்டார்ட்டர் மோட்டாரால் மட்டும் சுழற்றி அழுத்தம் ஏற்றுவது இம்முறை. பெட்ரோல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக்குகள் கழற்றப்பட்டு, தீமூட்டல் இணைப்பு துண்டிக்கப்படுகிறது. டீசல் எஞ்சினில் எரிபொருளை நிறுத்தும் குமிழ் இழுத்துவைக்கப்படுகிறது. இயலுமாயின் இஞ்செக்டர்களும் கழற்றப்படுகின்றன. இதனால் சிலிண்டர்களில் அமுக்கம் ஏற்படாது. பேரிங்குகளின் மீது சுமை குறைகிறது. சுழலும் வேகமும் கூடுகிறது. ஸ்டார்ட்டர் மோட்டார் சூடேறாதிருக்க, 10 முதல் 15 விநாடிகள் சுழற்றிய பின் ஒரு நிமிடமாவது ஓய்வு தரப்படுகிறது.

பிற முறைகளுக்குப் பின் சரிபார்ப்பாக இதனைச் செய்வது நல்லது. பம்பு உலர்ந்திருக்கையில் இதனை மட்டும் நம்பி நெடுநேரம் சுழற்றுவது, காக்க முனையும் பேரிங்குகளையே தேய்க்கும்.

மூன்று டிராக்டர்கள்

எந்த முறை பொருந்தும் என்பது பம்பை எது சுழற்றுகிறது என்பதைப் பொறுத்தது. பரவலாகப் புதுப்பிக்கப்படும் மூன்று டிராக்டர்கள் இந்த வேறுபாட்டைக் காட்டுகின்றன.

பெர்குசன் டி.இ.20 இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் 1946 முதல் 1956 வரை ஐந்து இலட்சத்திற்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் உருவாக்கப்பட்டது. தொடக்கத்தில் அமெரிக்க கான்டினென்டல் எஞ்சினும், பின்னர் ஸ்டாண்டர்ட் நிறுவனத்தின் நான்கு சிலிண்டர் எஞ்சினும் இதில் பொருத்தப்பட்டன. இந்த ஸ்டாண்டர்ட் பெட்ரோல் எஞ்சினின் குடும்பத்தைச் சேர்ந்ததே டிரையம்ப் டி.ஆர்.2 மகிழுந்தின் எஞ்சினும். இவற்றில் டிஸ்டிரிபியூட்டரும் எண்ணெய் பம்பும் கேம் தண்டிலுள்ள சாய்பற்சக்கரத்தால் இயங்குவதால் துளைப்பான் முறை ஏற்றது.

ஃபோர்டு 9என் (1939), 2என் (1942), 8என் (1947–1952) ஆகியவை அமெரிக்காவில் உருவாக்கப்பட்டவை. 9என், 2என், முற்கால 8என் ஆகியவற்றில் டிஸ்டிரிபியூட்டர் எஞ்சினின் முன்புறத்தில், கேம் தண்டின் முனையால் நேரடியாக இயக்கப்படுகிறது. அது எண்ணெய் பம்பை இயக்குவதில்லை. எனவே டிஸ்டிரிபியூட்டரைக் கழற்றிய துளை வழியே பம்பைச் சுழற்ற இயலாது. அழுத்தமானித் துளை வழியே எண்ணெய் செலுத்துவதே இவற்றுக்கு உகந்தது.

மாசி பெர்குசன் 35 டிராக்டரில் 1959 முதல் பெர்க்கின்ஸ் 3.152 வகை மூன்று சிலிண்டர் டீசல் எஞ்சின் பொருத்தப்பட்டது. இதன் கொள்ளளவு 152 கன அங்குலம் (2.5 லிட்டர்). இதன் எண்ணெய் பம்பு முன்புற முதன்மை பேரிங்கின் மூடியில் பொருத்தப்பட்டு, கிராங்க் தண்டின் பற்சக்கரத்திலிருந்து ஓர் இடைப் பற்சக்கரத்தின் வழியாக இயங்குகிறது. கிராங்க் தண்டு சுழலாமல் பம்பு சுழலாது. ஆகவே பம்பைப் பொருத்துமுன் எண்ணெய் நிரப்புவதும், வெளியிலிருந்து அழுத்தத்துடன் செலுத்துவதும், நிறுத்து குமிழை இழுத்துவைத்து ஸ்டார்ட்டரால் சுழற்றுவதும் இதற்குரிய முறைகள். இவ்வெஞ்சின்களில் காணப்படும் டி.பி.ஏ வகை எரிபொருள் பம்பு டீசலாலேயே உயவு பெறுகிறது என்பதால், நெடுநேரம் சுழற்றுவதற்கு முன் எரிபொருள் குழாய்களிலுள்ள காற்றை அகற்றி அதனையும் நிரப்பவேண்டும்.

அழுத்தம் வராமைக்கான காரணங்கள்

முன்நிரப்பிய பின்னும் அழுத்தமானி அசையவில்லை எனில், எஞ்சினை இயக்கிப் பார்ப்பது தீர்வன்று. காரணங்களை எளியதிலிருந்து கடினமானது வரை வரிசையாக ஆராய்வது வழக்கம்.

* அழுத்தமானி: பழைய அழுத்தமானி பழுதாகியிருக்கலாம், அதன் மெல்லிய குழாய் அடைபட்டிருக்கலாம். குழாயில் காற்று நிறைந்திருந்தால் முள் தாமதமாக எழும். நல்லதெனத் தெரிந்த வேறோர் அழுத்தமானியை இணைத்துப் பார்க்கவேண்டும்.
* ரிலீஃப் வால்வு: வால்வின் அடியில் தூசி சிக்கித் திறந்தே நிற்கலாம். சுருள்வில் உடைந்தோ மாறியோ இருக்கலாம். அப்போது பம்பு அனுப்பும் எண்ணெய் அனைத்தும் தொட்டிக்கே திரும்பும்.
* உறிஞ்சு குழாய்: இணைப்பின் கேஸ்கெட் பொருந்தாவிட்டால் பம்பு எண்ணெய்க்குப் பதிலாகக் காற்றை உறிஞ்சும். குழாயில் உள்ள மயிரிழை வெடிப்பும் இதே விளைவைத் தரும்.
* வடிகட்டித் தலைப்பு: கேஸ்கெட்டைத் தலைகீழாகவோ வேறு வகையினதாகவோ பொருத்தினால் எண்ணெய்த் துளை மூடப்படலாம்.
* எண்ணெய் வழியின் அடைப்பான்கள்: எஞ்சின் உடலைக் கழுவும்போது, முதன்மை எண்ணெய் வழியின் முனைகளிலுள்ள அடைப்பான்கள் கழற்றப்படுகின்றன. முன்புற மூடியின் உட்புறத்தில் உள்ள அடைப்பானைத் திரும்பப் பொருத்த மறந்தால், எண்ணெய் அங்கேயே கொட்டிவிடும். வெளியில் கசிவு தெரியாது என்பதால் இதனைக் கண்டறிவது கடினம்.
* பேரிங் ஓடுகள்: துளையுள்ள ஓடு, எண்ணெய் வழி உள்ள பக்கத்தில் இருக்கவேண்டும். மாற்றிப் பொருத்தினால் அந்த பேரிங்குக்கு எண்ணெய் செல்லாது. கேம் தண்டின் பேரிங் வளையத்திலுள்ள துளையும் எஞ்சின் உடலின் துளையோடு பொருந்தவேண்டும்.
* பேரிங் அளவு: சாணை பிடித்த தண்டில் இயல்பளவு ஓடுகளைப் பொருத்தினால் இடைவெளி மிகுந்து அழுத்தம் விழும். 0.010 அங்குலம் சாணை பிடித்த தண்டில் இவ்வாறு நேர்ந்தால், 0.0025 அங்குலமாக இருக்கவேண்டிய இடைவெளி 0.0125 அங்குலமாகிறது. இது ஐந்து மடங்கு. மும்மடி விதிப்படி கசிவு நூறு மடங்குக்கும் மேற்படும்.
* பம்பு: பழைய பம்பையே மீண்டும் பொருத்தியிருந்தால் அதன் மூடித் தகட்டில் பற்சக்கரங்கள் வட்டத் தடங்களைப் பதித்திருக்கும். பம்பின் இயக்கு சாவியோ ஊசியோ உடைந்திருந்தால் எஞ்சின் சுழன்றாலும் பம்பு சுழலாது.

பேரிங் இடைவெளியை அளக்க, மெல்லிய நெகிழி இழையொன்றைத் தண்டின் மீது வைத்து, பேரிங் மூடியை உரிய முறுக்கில் இறுக்கிக் கழற்றும் எளிய முறை உண்டு. நசுங்கிய இழையின் அகலத்தை அதனுடன் வரும் அளவுகோலோடு ஒப்பிட்டால் இடைவெளி தெரியும். எஞ்சினைக் கட்டும்போதே இதனைச் செய்து அளவுகளைக் குறித்துவைத்தால், அழுத்தம் வராதபோது மேற்கண்ட காரணங்களில் ஒன்றை உடனே விலக்கிவிடலாம்.

முதல் இயக்கம்

முன்நிரப்பலின்போது அழுத்தம் காட்டிய எஞ்சினே இயக்கத் தகுந்தது. இயக்கிய பின் 10 முதல் 15 விநாடிகளுக்குள் அழுத்தம் தெரியவில்லை எனில் உடனே நிறுத்தவேண்டும். 'இன்னும் சிறிது நேரத்தில் வந்துவிடும்' எனக் காத்திருப்பதே எஞ்சின்களைக் கெடுக்கும் பொதுவான தவறு ஆகும். இதனால் முதல் இயக்கத்தின்போது ஒருவர் அழுத்தமானியை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பது நல்ல பழக்கமாகக் கொள்ளப்படுகிறது.

குளிர்ந்த எண்ணெய் தடித்திருப்பதால் முதலில் அழுத்தம் உயர்வாக இருந்து, எஞ்சின் சூடேறும்போது குறைவது இயல்பு. எனவே எஞ்சின் முழுவதும் சூடேறிய பின் உள்ள அளவையே கணக்கில் கொள்ளவேண்டும். பெர்க்கின்ஸ் 3.152 எஞ்சினுக்கு இயல்பான வேகத்திலும் வெப்பநிலையிலும் சதுர அங்குலத்திற்கு 30 முதல் 60 பவுண்டு (சுமார் 2.1 முதல் 4.1 பார்) அழுத்தம் குறிக்கப்படுகிறது. பிற எஞ்சின்களுக்கு இது மாறுபடும். சில பழைய எஞ்சின்கள் இதனினும் குறைந்த அழுத்தத்தில் நலமாக ஓடக்கூடியவை.

அழுத்தம் நிலைபெற்ற பின் எஞ்சினை மிகக் குறைந்த வேகத்தில் நெடுநேரம் ஓடவிடுவது விரும்பத்தக்கதன்று. கேம் முனைகள் பல எஞ்சின்களில் கிராங்க் தண்டு இறைக்கும் எண்ணெயாலேயே உயவு பெறுகின்றன; வேகம் குறைந்தால் அந்த இறைப்பும் குறையும். ராக்கர் மூடியைத் திறந்து, ராக்கர் தண்டின் ஒவ்வொரு பகுதிக்கும் எண்ணெய் வந்து சேர்வதை உறுதிசெய்வதும் தேவை. கட்டும்போது தங்கிய துகள்களும் புதிய பாகங்களிலிருந்து தேய்ந்த பொடியும் எண்ணெயில் சேர்வதால், முதல் எண்ணெயும் வடிகட்டியும் வழக்கமான காலத்திற்கு வெகு முன்பே மாற்றப்படுகின்றன. வடித்த எண்ணெய் பால் போல் வெளுத்திருந்தால் அதில் நீர் கலந்துள்ளது என்று பொருள்.

தமிழ்நாட்டுடன் தொடர்பு

பெர்க்கின்ஸ் வகை டீசல் எஞ்சின்கள் தமிழ்நாட்டுடன் நெருங்கிய தொடர்பு உடையவை. 1840-இல் சென்னையில் குதிரைவண்டி செய்யும் நிறுவனமாகத் தொடங்கிய சிம்சன், பிற்காலத்தில் பெர்க்கின்ஸ் வடிவமைப்பிலான டீசல் எஞ்சின்களைத் தயாரித்தது. 1960-இல் மாசி பெர்குசன் நிறுவனத்தின் கூட்டுடன் சென்னையில் தொடங்கப்பட்ட டாஃபே நிறுவனத்தின் டிராக்டர்களில் சிம்சனின் மூன்று சிலிண்டர் எஞ்சின்கள் பொருத்தப்பட்டன. இதனால் மாசி பெர்குசன் 35 குறித்து மேலே கூறப்பட்ட பல செய்திகள், தமிழ்நாட்டு வயல்களில் ஓடும் பழைய மாசி டிராக்டர்களின் எஞ்சின் வேலைக்கும் பயன்படக்கூடியவை. எனினும் இடைவெளி, முறுக்கு, அழுத்தம் ஆகியவற்றின் அளவுகளை அந்தந்த எஞ்சினுக்குரிய கையேட்டிலிருந்தே எடுக்கவேண்டும்.

இவற்றையும் பார்க்க

* உயவு எண்ணெய்
* டீசல் எஞ்சின்
* டிராக்டர்
* பாகுநிலை
* பற்சக்கர பம்பு
* அழுத்தமானி